சரி போட்ட நோட்டு

என் கணவர் முப்பத்தொரு வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். நான் அதே ஊரில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பாடப்புத்தகத்தில் இருந்த கதையும் கவிதையும் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இலக்கணம்தான் உயிர். அதிலும் கிளாஸ், வகுப்பு என்கிற கிளாஸ் இல்லை, துணை வாக்கியம். ஒரு பெரிய வாக்கியத்துக்குள் ஒண்டிக்கொண்டிருக்கும் சின்ன வாக்கியத்தைக் கண்டுபிடித்து, அது எந்த வகை என்று சொல்லும் பாடம். பத்தாம் வகுப்புப் பையன்கள் அந்த இடம் வந்தாலே மிரளுவார்கள். "கிளாஸ்ல கிளாஸ் நடத்துதேன், கவனிங்கலே" என்று வருஷா வருஷம் ஒரே தமாஷைச் சொல்வாராம். யாரும் சிரிக்க மாட்டார்களாம். அவரே வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை காலையில், பரீட்சையில் தோற்றவர்கள் எங்கள் வீட்டு முன்னறைக்கு வருவார்கள். அடுப்படியில் நின்றுகொண்டே அந்தப் பாடத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தமிழை வைத்துத்தான் தொடங்குவார். 'அவர் வந்தபோது நான் சமைத்துக்கொண்டிருந்தேன்.' இதில் 'அவர் வந்தபோது' என்பது சமையல் எப்போது நடந்தது என்று சொல்கிறது. வினையோடு சேர்ந்தது, ஆகவே அட்வெர்ப் கிளாஸ். 'அவர் வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது.' இதில் 'அவர் வந்த' என்பது நாள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எந்த நாள் என்று சொல்கிறது. அது அட்ஜெக்டிவ் கிளாஸ். 'அவர் எப்போது வந்தார் என்பது எனக்குத் தெரியாது.' எது தெரியாது? அவர் எப்போது வந்தார் என்பது. ஒரு பெயர்ச்சொல் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு முழு வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது. அது நவுன் கிளாஸ். தமிழில் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். இங்கிலீஷில் மூன்றுக்கும் முன்னால் ஒரே 'வென்' வந்து நிற்கும். பையன்கள் அந்த 'வென்'னைப் பார்த்ததும் அட்வெர்ப் என்று எழுதிவிடுவார்கள்.

"மூஞ்சியப் பாக்காதலே. அங்கன இருந்து அது என்ன வேலை செய்யுதுன்னு பாரு" என்பார்.

மார்க் விஷயத்தில் அவர் கல். என் சொந்த அண்ணன் மகனுக்கு முப்பத்து நான்கு போட்டவர். இன்னும் ஒரு மார்க் போட்டிருந்தால் பாஸ். என் அண்ணன் ஒரு வருஷம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் அழுது பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். தப்புக்குச் சரி போடுவது அந்தப் பையனை அவமானப்படுத்துவது, அவனால் முடியாது என்று நாமே முடிவு கட்டுவது என்று சொன்னார். அன்றைக்கு அது எனக்கு வறட்டு நியாயமாகத்தான் பட்டது.

எனக்கும் அவருக்கும் பெரிய பிணக்கு எதுவும் கிடையாது. பெரிய பேச்சும் கிடையாது. ராதாபுரம் பக்கத்துக்காரர். அந்தக் காட்டில் பனையும் சொற்பம்தான் பேசும் என்று என் தங்கை கேலி செய்வாள். ஆனால் ஒரு காயம் எனக்குள் இருந்தது. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சல் வந்து, நான் அவளுக்கு ஆங்கிலத்தில் லீவ் லெட்டர் எழுதினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று இடத்தில் வட்டம் போட்டார். பிறகு வேறொரு தாளில் தானே எழுதிக் கொடுத்தார். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மனதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தினமும் இருநூறு தாள் திருத்துகிற கை, இருநூற்றொன்றாவது தாளையும் திருத்திவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் கண்ணில் படும்படி நான் ஒரு வரி ஆங்கிலம் எழுதவில்லை. பாங்க் பாரத்தைக்கூடப் பள்ளிக்கூடத்தில் வைத்து நிரப்பிக்கொள்வேன். இருபத்தைந்து வருஷம் அப்படியே போனது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

அவர் ஓய்வு பெற்ற மூன்றாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் வேத பாடம் வாசிக்கப் போனார். அது அவருடைய முறை. கணீரென்று வாசிப்பார். அன்றைக்கு நாலைந்து வரி வாசித்ததும் ஒரு சொல்லைத் திரும்பச் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார். வரி தவறிவிட்டது போல என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் வரி தவறுகிறவர் இல்லை என்று பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அடுத்து வாயிலிருந்து வந்தது சொல்லே இல்லை, வெறும் ஓசை. அவர் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். வலது கை மேஜையிலிருந்து வழுக்கி விழுந்தது. நான் எழுந்து அவரிடம் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தோம். மூளையின் இடது பக்கத்தில் ரத்த அடைப்பு. உயிருக்கு மோசமில்லை. வலது கை வரவில்லை. வலது காலை இழுத்து இழுத்து நடக்கலாம். பேச்சு போய்விட்டது. போய்விட்டது என்றால் முழுதாகப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. 'இல்ல.' எதைக் கேட்டாலும் அதுதான். காப்பி வேண்டுமா என்று கேட்பேன். "இல்ல" என்று சொல்லிக்கொண்டே டம்ளருக்குக் கையை நீட்டுவார். மகள் வந்து முன்னால் நின்று, "அப்பா, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டபோது, கண் நிறையத் தண்ணீரோடு அவள் கன்னத்தைத் தடவி "இல்ல, இல்ல" என்றார். அவள் வராந்தாவுக்குப் போய் அழுதாள். பெங்களூரில் வேலை பார்க்கிற ஒரே மகள். ஒரு மாதம் லீவ் போட்டுக் கூட இருந்துவிட்டுப் போனாள்.

பேச்சுப் பயிற்சிக்கு வண்ணார்பேட்டைக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில், சின்ன அறை. கீழே பஸ் ஹாரன் ஓயாது. பயிற்சி தருகிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நல்ல பொறுமைசாலி. அவர் முன்னால் படம் போட்ட அட்டைகளைப் பரப்பினாள். பசு, குடை, சாவி, வாழைப்பழம். பசு எது என்று காட்டச் சொன்னாள். அவர் அட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன். எழுந்து போகலாம் என்று சொல்லக்கூட அவரிடம் சொல் இல்லை.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, சாருக்கு ரொம்பப் பழகின விஷயம் என்ன என்று கேட்டாள். பாட்டா, சீட்டாட்டமா, ஏதாவது. நான் கிளாஸ் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். இந்த மாதிரி அடைப்பு வந்தவர்களுக்குச் சிக்கலான வாக்கியம்தான் முதலில் கஷ்டமாகும், ரொம்ப எதிர்பார்க்காதீர்கள் என்று நேர்மையாகச் சொன்னாள். ஆனால் ஆயுசுக்கும் செய்த வேலை வேறு இடத்தில் பதிந்திருக்கலாம். சின்ன வாக்கியமாக, எழுதிக் காட்டிக் கேட்டுப் பாருங்கள் என்றாள்.

அவருடைய பழைய நோட்ஸ் எல்லாம் பீரோவின் கீழ்த் தட்டில் இருந்தது. மணிமணியான கையெழுத்து. நான் முதலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். கணக்கு டீச்சருக்கு அது ஒன்றும் பெரிய மலை இல்லை, ஆனாலும் நாலு நாள் ஆனது. பிறகு ஒரு நானூறு பக்க நோட்டு வாங்கி, பக்கத்துக்கு நாலு வாக்கியமாகப் பெரிய எழுத்தில் எழுதினேன். துணை வாக்கியத்துக்கு அடியில் கோடு போட்டேன். காலை இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்ட பிறகு, சாப்பாட்டு மேஜையில் நோட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"நவுன் கிளாஸ்னா ஒரு விரல். அட்ஜெக்டிவ்னா ரெண்டு. அட்வெர்ப்னா மூணு. இடது கையில காட்டுங்க" என்றேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. அவ்வளவு நாளில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஒரு விரலைக் காட்டினார். சரி. அவர் காட்டின எண்ணை ஓரத்தில் எழுதி டிக் போட்டேன். அடுத்தது, மூன்று. சரி. பத்து வாக்கியத்தில் ஒன்பது சரி. பத்தாவது, 'ஸ்டே வேர் யூ ஆர்'. இருக்கிற இடத்திலேயே இரு. அவர் மூன்று விரல் காட்டினார். அதற்கு முந்தின வாக்கியத்தில் 'வேர்' என்று வந்தது நவுன் கிளாஸ், ஆகவே இதுவும் ஒன்றுதான் என்று நான் நினைத்தேன். தப்பு என்று தலையாட்டினேன். அவர் விரலை மடக்கவில்லை. மூன்று விரலையும் என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டே இருந்தார். நோட்ஸைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றுதான். மூஞ்சியைப் பார்த்து ஏமாந்தது நான். பத்துக்குப் பத்து. மகளுக்கு உடனே போன் போட்டேன். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தவள் வெளியே வந்து எடுத்து, என்னவோ ஏதோ என்று பதறினாள். "அப்பா பத்துக்குப் பத்துட்டி" என்று சொன்னேன். 

ஆவணியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் மூன்று மாதம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தது அப்போதுதான். நோட்ஸில் இருந்த வாக்கியங்கள் ஒரு மாதத்தில் தீர்ந்தன. நானே எழுத ஆரம்பித்தேன். ராதாபுரம் போகிற பஸ், காயல்பட்டினத்துக்காரர் கடையில் வாங்கின சட்டை, ஆற்றில் தண்ணீர் குறைந்தால் குழாயிலும் குறைகிறது என்று கண்டதையும் எழுதினேன். என் ஆங்கிலம் அப்படி இப்படித்தான். ஒருநாள் விரலைக் காட்டிவிட்டு இடது கையை நீட்டினார். எதையோ கேட்கிறார் என்று புரிந்தது. கண்ணாடியா, தண்ணீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் 'இல்ல'. கடைசியில் எனக்குப் பிடிபட்டது. சிவப்புப் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். இடது கையால் கோணல் மாணலாக என் வாக்கியத்தில் ஒரு வட்டம் போட்டார். நான் ஒரு 'தி' போட மறந்திருந்தேன்.

அந்த வட்டத்தைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல. லீவ் லெட்டரை நினைத்துக்கொண்டு, இவ்வளவு வருஷம் என் ஆங்கிலத்தை அநியாயமாக ஒளித்து வைத்துவிட்டோமே என்று இருந்தது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டு எழுதுவேன். அவர் விடவே மாட்டார்.

ஐப்பசியில் ஒரு காலை, நல்ல மழை. நோட்டில் எழுத உட்கார்ந்தபோது பஸ்ஸும் சட்டையும் வரவில்லை. நான் எழுதினது இது. 'ஐ டு நாட் நோ வெதர் யூ வேர் ஹேப்பி வித் மீ.' என்னோடு நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்களா என்பது எனக்குத் தெரியாது. 'வெதர்' தொடங்கிக் கடைசி வரை அடியில் கோடு போட்டு அவர் முன்னால் நகர்த்தினேன். 

அவர் படித்தார். ஒரு விரலைக் காட்டினார். நவுன் கிளாஸ்.

சரிதான். நான் டிக் போட்டுவிட்டு, பால் பொங்கும் என்று ஏதோ சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன். கேள்வி கேட்டால் விடை வரும், நான் கேட்டது இலக்கணக் கேள்விதானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் மேஜையைத் தட்டினார். நிற்காமல் தட்டினார். வந்து பார்த்தேன். சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் திருத்தியிருந்தார். 'டு நாட்' என்பதை அடித்திருந்தார். 'வெதர்' என்பதை அடித்து அதற்கு மேலே நாலு எழுத்தில் 'தட்' என்று எழுதியிருந்தார். கடைசி எழுத்துக்குக் குறுக்குக் கோடு போடக் கை வரவில்லை போல, பாதியில் நின்றிருந்தது. இப்போது வாக்கியம், நீங்கள் என்னோடு சந்தோஷமாக இருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும் என்று ஆகியிருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் ஒரு விரலை மறுபடி காட்டினார். இப்போதும் அது நவுன் கிளாஸ்தான் என்று சொல்கிறார். "ஆமா, ஆமா" என்றேன்.

கார்த்திகையில் அவருக்கு நடை இன்னும் தள்ளாடியது. விழுந்து எழுந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சின்னச் சின்ன அடைப்பு புதிதாக நிறைய வந்திருக்கிறது என்றார் டாக்டர். வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நல்லாத்தான் இருக்காங்க என்றேன். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான், 'தி பஸ் தட் கோஸ் டு ராதாபுரம் இஸ் லேட்' என்ற வாக்கியத்துக்கு அவர் மூன்று விரல் காட்டியிருந்தார். ராதாபுரம் போகிற பஸ். எந்த பஸ்? ராதாபுரம் போகிற பஸ். அட்ஜெக்டிவ். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

மூன்று விரலைக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மார்க் சொல்லும் நேரத்தில் பிள்ளைகள் டீச்சரைப் பார்க்கிற பார்வை. நான் முப்பது வருஷம் அதைப் பார்த்தவள்.

"சரி" என்றேன். டிக் போட்டேன்.

ஒரு நாளைக்குத்தானே, களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பத்தில் மூன்று தப்பு. அடுத்த வாரம் பாதி. எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். தப்பு என்று சொன்னால் அந்த முதுகு மறுபடி வளைந்துவிடும் என்று பயம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தப்பு என்று நான் சொல்லாதவரைக்கும் அது நடக்கவில்லை என்று எனக்கே தோன்றியது. சிவப்புப் பேனாவை அவர் கேட்பது நின்றுபோனது. நான் விட்ட தப்புகள் அப்படியே கிடந்தன. டாக்டரிடம் சொல்லவில்லை. பயிற்சிப் பெண்ணிடம் சொல்லவில்லை. மகள் வீடியோ காலில் வரும்போது நோட்டைத் தூக்கிக் காட்டுவேன். பக்கம் பக்கமாக டிக். அவள் கை தட்டுவாள். அவரும் இடது கையால் மேஜையைத் தட்டுவார்.

கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தாள். வந்த மறுநாள் காலை, நாங்கள் பாடத்துக்கு உட்கார்ந்தபோது அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவருடைய மகள். அவரிடம் கிளாஸ் படித்தவள். வந்த புதிதில் அவளுக்கு எல்லாம் ஆசையாக இருந்தது. நான் நோட்டைத் திறக்குமுன் அவளே எடுத்துப் பழைய பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தாள். புரட்டப் புரட்ட முகம் மாறியது. நான் கண்ணால் சாடை காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

"யம்மா, என்ன பண்ணியிருக்கீங்க? இது தப்புல்லா. இதுவும் தப்பு. எல்லாத்துக்கும் சரி போட்டு வச்சிருக்கீங்க" என்றாள்.

நான் தப்பாகத் திருத்திவிட்டேன், எனக்குத்தான் இலக்கணம் தெரியவில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். அதைப் பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் இடது கையை நீட்டினார். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் கையை மடக்கவில்லை. கடைசியில் கொடுத்தாள். அவர் நோட்டை மேஜையில் விரித்து ஒரு பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார். எது சரி, எது தப்பு என்று தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கிடைக்கவில்லை என்றும் தெரிந்தது. புருவம் நெரிந்து, உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார். நான் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அங்கே இருந்த டிக்கையெல்லாம் குறுக்கே அடித்தார். அடுத்த பக்கத்து டிக்குகளையும் அடித்தார். அதெல்லாம் அவர் நன்றாக இருந்த நாளில் சரியாகச் சொன்னது. எல்லாமே சரியாகச் சொன்ன பக்கங்கள்.

"அப்பா, அதெல்லாம் சரிதாம்ப்பா. அது கரெக்டுப்பா" என்று மகள் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஒவ்வொரு டிக்காக அடித்தார். பேனா தாளைக் கிழித்தது. 'ஸ்டே வேர் யூ ஆர்' வந்தது. அடித்தார். மழை நாளில் நான் எழுதின பக்கம் வந்தது. என் கை தானாகப் போய் அதை மூடியது. அவர் காத்திருந்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக, பைய விலக்கினார். அந்தப் பக்கத்து டிக்கையும் அடித்தார். டிக்கை மட்டும்தான் அடித்தார், வாக்கியத்தைத் தொடவில்லை. அவர் திருத்தி எழுதினது அப்படியே இருக்கிறது. இதை நான் எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருப்பேன் என்று கணக்கு இல்லை.

முடித்துவிட்டு நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து காலை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மேஜைக்குக் கூப்பிட்டேன். "இல்ல" என்றார். அவருடைய 'இல்ல'வுக்கு ஆயிரம் அர்த்தம் எனக்குத் தெரியும். இது இல்லை என்றே அர்த்தமான 'இல்ல'. புது நோட்டு வாங்கி வந்து, இனிமேல் உள்ளது உள்ளபடிதான் போடுவேன் என்று சொன்னேன். "இல்ல."

மகள் ஊருக்குப் போன பிறகு ஒருநாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"நீங்க வெசனப்படுவீங்கன்னுதான் பொய் சொன்னேன். எனக்கும் பயமா இருந்தது. ஒங்கள நம்பாமப் போயிட்டேன். என்னிய மன்னிச்சிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். "இல்ல" என்றார். சத்தமே இல்லாமல், மெதுவாகத்தான் சொன்னார். மன்னிக்க ஒன்றும் இல்லை என்றாரா, மன்னிக்க மாட்டேன் என்றாரா. காப்பிக்குச் சொல்லும் 'இல்ல'வா, நோட்டுக்குச் சொன்ன 'இல்ல'வா. கையைப் பார்த்தேன். இடது கை போர்வைக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு காலை நேரத்தில் தமிழ்ப் பேப்பர் வாசித்துக் காட்டினேன். கேட்பார். பல நாள் பாதியில் தூங்கிவிடுவார். சாப்பாடு ஊட்டினால் வாங்கிக்கொள்வார். மாசி பிறந்தபோது 'இல்ல'வும் குறைந்துவிட்டது. பங்குனியில், ஒரு முற்பகல், நான் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளரோடு திரும்பினபோது மூச்சு வித்தியாசமாக இருந்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் இருக்கும். அவ்வளவுதான். மகள் பஸ்ஸில் வந்து சேருவதற்குள் அவரைக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டு வைத்திருந்தோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடது கையையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. மகள் தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது போன் செய்வாள். சாப்பாடு, மாத்திரை, வீட்டு வேலைக்கு வருகிறவள், மழை. அவர் டிக்கையெல்லாம் அடித்த அந்தக் காலையைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறந்ததில்லை. போன வாரம்தான் கேட்டாள். பேசிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள் போல, பின்னால் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா என்மேல வருத்தத்தோடதான் போனாங்களாம்மா?"

அப்படியெல்லாம் இல்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். அவளும் அதைக் கேட்கத்தான் கேட்டாள்.

"தெரியாதுட்டி. என்மேலயும் இருந்ததான்னு எனக்குத் தெரியாது. நானும் கேட்டுப் பாத்தேன்" என்றேன்.

அவள் அழுதாள். ரோட்டில் நின்றுகொண்டு, ஆட்கள் போகிற வருகிற இடத்தில், சத்தமாகவே அழுதாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தேன். வைக்கச் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. எனக்கும் கண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றாள். சனிக்கிழமை காலைக்கு ஆப்பத்துக்கு ஊறப்போடுகிறேன், வந்துசேர் என்று சொன்னேன்.